கான் வளைந்த இடம்

வன்னிக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று இருந்தது. "நீங்கள் எவ்விடம்?" கடையில் சீனி வாங்கப் போனாலும் கேட்பார்கள், பஸ்சுக்கு நின்றாலும் கேட்பார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து குளத்துப் பாசனக் காணிகளுக்கு வந்தவர்களுக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி. ஊரைச் சொன்னால் எப்படியும் ஒரு உறவு பிடித்துவிடுவார்கள். இவரோ மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வாயெடுப்பார். சொன்னதும் "ஓ, தோட்டத்து ஆக்களோ" என்று எதிரில் நிற்பவரின் குரல் ஒரு படி இறங்கும் என்பது ஞாபகத்துக்கு வரும். உடனே இருமத் தொடங்கிவிடுவார். அந்த இருமலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையை விட்டு இறங்கியவர்கள் நாங்கள். முதலில் தர்மபுரத்தில் தெரிந்தவர்களின் கொட்டிலில் ஒதுங்கினோம். பிறகு ஒரு வெங்காயத் தோட்டக்காரரின் வளவில் இருந்தோம், அவருடைய மகன் கல்யாணம் கட்டியதும் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. கடைசியில் விசுவமடுவில் இருந்து உள்ளே, காட்டோரமாக ஒரு மேட்டைப் பிடித்தோம். சட்டி பானையை இறக்கி வைத்த அன்றே இவரிடம் சொல்லிவிட்டேன். "இனிமே ஒரு தடவ இதையெல்லாம் தூக்கச் சொன்னீங்கன்னா, உங்களை விட்டுட்டுச் சட்டி பானையோட மட்டும்தான் போவேன்." அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த மேட்டை ஏன் வேறு யாரும் எடுக்கவில்லை என்பது மறுநாள் கூட்டும்போதே தெரிந்துவிட்டது. கிண்டினால் ஓடு, கூட்டினால் ஓடு, மழை பெய்தால் புதிதாக முளைத்தது மாதிரி ஓடு. எல்லாம் உடைந்த சட்டித் துண்டுகள். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, தடவினால் எண்ணெய் பூசியதுபோல வழுவழுப்பு. ஏர் ஓடாது, வாய்க்கால் தண்ணீர் மேலே ஏறாது. அரசாங்கத்தின் காணிப் பெர்மிட் வைத்திருந்தவர்கள் கீழே வயல் நிலங்களை எடுத்துக்கொண்டு, ஓட்டுமேடு என்று பெயரும் வைத்து அதை ஆடு மாட்டுக்கு விட்டிருந்தார்கள். எங்களிடம் பெர்மிட் இல்லை. பிரஜாவுரிமை கைக்கு வந்திருந்தது, காணி வரவில்லை. பெர்மிட் இல்லாதவர்களுக்கு மிஞ்சியதுதானே கிடைக்கும். எனக்கென்னவோ அந்த மேடு முதல் நாளே பிடித்துப்போயிற்று. காற்று வரும். நின்றால் நாலா பக்கமும் தெரியும். மலையில் பிறந்தவளுக்கு அந்தச் சின்ன உயரமே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஓட்டை நான் வீணாக்கவில்லை. கூடை கூடையாகப் பொறுக்கி, மண்ணோடு சேர்த்து இடித்து வீட்டுத் தரையைக் கெட்டிப்படுத்தினேன். மேலே சாணம் மெழுகினால் சீமெந்துத் தரை தோற்றுப்போகும். வட்டமாக ஒரு துண்டு கிடைத்தது, அது உப்புச் சட்டிக்கு மூடி. கூரான துண்டு அடிப்பிடித்த சோற்றைச் சுரண்ட. சிவப்பாக ஒரு பாசிமணி அகப்பட்டது, துளையெல்லாம் அழகாகப் போட்டிருந்தது. அதை நூலில் கோத்து எங்கள் ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டேன். ஆடும் அன்றிலிருந்து கொஞ்சம் மிடுக்காகத்தான் நடந்தது.

இவர் செய்த வேலைதான் ஊருக்குச் சிரிப்பானது. மழைக்கு முன் மேட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடக் கான் வெட்டத் தொடங்கினார். மலையில் தேயிலைச் சரிவுகளில் மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடாமல், குறுக்கே கான் வெட்டி வளைத்து விடுவோம். சரிவு என்று கண்ணில் பட்டால் தோட்டத்து ஆளின் கை சும்மா இருக்காது. அதிலும் இவருடைய அக்கா இருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு மழையில் மண் சரிந்து, அந்தக் குடும்பம் உடுத்த துணியோடு வெளியே ஓடி வந்தது. அதைப் பார்த்தவர் இவர். வன்னியில் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கிறது, இந்த ஒரு மேடு எங்கே சரிந்து யார் தலையில் விழப்போகிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. கான் நேராக வர நானே கயிறு பிடித்தேன்.

கீழ் வயல்காரரின் மனைவி வேலியோரம் நின்று பார்த்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து குளக் காணிக்கு வந்த குடும்பம், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாயில் நகைச்சுவையும் இருக்கும், முள்ளும் இருக்கும்.

"என்ன பிள்ளை, கோட்டை கட்டப் போறியளோ? அகழி வெட்டுறியள்."

"கான்க்கா. வெட்டலேன்னா மண்ணு ஓடிரும்."

"எங்கை ஓடுறது? ஓடினாலும் எங்கடை வயலுக்குத்தானே வரும். வரட்டும், நல்ல பசளை."

அக்கா இதைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் எங்களைக் கோட்டைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். தோட்டக்காட்டார் என்பதைவிடக் கோட்டைக்காரர் எவ்வளவோ மேல் என்று நான் விட்டுவிட்டேன்.

கான் முழங்கால் ஆழத்துக்கு, சுவர் இரண்டும் கத்தியால் அரிந்தது போல நேராக, மேட்டை அணைத்துக்கொண்டு போயிற்று. நான் சமைக்கிற குசினிக்குப் பின்பக்கம் வந்தபோது இவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மண்ணுக்குள் மூன்று கற்கள், அடுப்பு வைக்கிற மாதிரியே. நடுவில் சாம்பல், சுற்றி மண் வெந்து சிவந்திருந்தது. பக்கத்தில் அடிக்கரி ஏறிய ஒரு சட்டியின் பாதி. பார்த்த உடனே தெரிந்தது, யாரோ ஒருத்தி சமைத்த இடம்.

"எடுத்துப் போட்டுட்டு நேரா வெட்டிரவா?" என்று கேட்டார்.

"மண்வெட்டி பட்டுதுன்னா பாருங்க" என்றேன்.

எங்கள் ஆட்கள் அடுப்பை உடைக்க மாட்டார்கள். லயத்தை மாற்றிப் போனாலும் அடுப்பைக் கழுவி மெழுகி, வருகிறவளுக்கு என்று விட்டுவிட்டுத்தான் போவோம். அது ஒன்று. இன்னொன்றை அவரும் நானும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கலவரத்தன்று எங்கள் லயத்துக்குள் புகுந்தவர்களில் ஒருவன், எடுக்க ஒன்றும் இல்லை என்ற கோபத்தில், கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையோடு சேர்த்து என் அடுப்பைக் காலால் உதைத்தான். எனக்கு நகை போனதோ துணி போனதோ பெரிதாகப் படவில்லை. அந்த உதையைத்தான் மறக்க முடியவில்லை. இவர் அந்த மூன்று கற்களைச் சுற்றிக் கானை வளைத்துக்கொண்டு போனார். நேராக வந்த கான் அந்த இடத்தில் மட்டும் இடுப்பு ஒடிந்தது போல வளைந்து, மறுபடி நேராகும்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், சைக்கிளில் ஒருவர் வந்தார். நீளக் கால்சட்டை, தொப்பி, தோளில் கமரா. யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறவர், பழைய காலத்து ஊர் இருந்த இடங்களைத் தேடித் திரிகிறவர் என்று பிறகு தெரிந்தது. சைக்கிளைச் சாத்தியவர் வீட்டுப் பக்கமே திரும்பாமல் கானுக்குள் இறங்கி நடந்தார். சுவரைத் தடவினார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார். பிறகு மேலே ஏறி வந்து, முகம் சிவந்து, கேட்டார்.

"இதை ஆர் வெட்டினது? எங்கையிருந்து வந்த ஆக்கள்? எனக்குத் தெரியாமல் இஞ்சை ஒருத்தரும் அகழ்வு செய்யேல்லையே."

இவருக்கு வேலை என்றால் பெருமை. "நாங்கதாங்க சார் வெட்டினோம்" என்றார், தோட்டத்துத் துரைக்குப் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து.

"ஏன்?"

"மேடு சரிஞ்சிராம இருக்கங்க."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேட்டை ஒரு தடவை பார்த்தார், சுற்றிலும் தட்டையாகக் கிடந்த வன்னியை ஒரு தடவை பார்த்தார். அதற்குள் எங்கள் ஆடு வந்து சேர்ந்தது. அதன் கழுத்து மணி அவர் கண்ணில் பட்டுவிட்டது. பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். படித்த மனிதர் ஒரு ஆட்டின் பின்னால் மேட்டைச் சுற்றி ஓடினார். இவர் அவர் பின்னால் ஓடினார். ஆடு கானைத் தாண்டும், அவர் தாண்டத் தெரியாமல் இறங்கி ஏறுவார். கடைசியில் நான் புண்ணாக்கைக் காட்டி ஆட்டைப் பிடித்துக் கொடுத்தேன்.

மணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். தேயிலைச் சாயத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே தரையைப் பார்த்தார், தேய்ந்த இடத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பு சிவப்பு ஓடுகளைப் பார்த்தார். "இதுக்குள்ளையும் போட்டிட்டியளோ" என்றார் மெல்ல. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. நான் என் வீட்டுத் தரையைத்தானே இடித்தேன்.

கோபப்பட்டாலும் நல்ல மனிதர். எங்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இது வெறும் மேடு இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னர் மனிதர் இங்கே ஊராக இருந்திருக்கிறார்கள். வீடு இடிந்து, அதன்மேல் வீடு கட்டி, அது இடிந்து, சட்டி உடைந்து, சாம்பல் கொட்டி, இப்படியே தலைமுறை தலைமுறையாக உயர்ந்த மேடு இது. இரும்பு உருக்கியிருக்கிறார்கள், நெல் விளைவித்திருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குப்பையைக் கொட்டியே ஒரு மலையா? லயத்தில் நாங்கள் கொட்டிய குப்பைக்கு இதற்குள் ஒரு சிவனொளிபாத மலை எழும்பியிருக்க வேண்டுமே என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

குசினிக்குப் பின்னால் போனபோது கான் வளைந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"இதிலை மட்டும் ஏன் வளைச்சு வெட்டினியள்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "அடுப்புங்க. யாரோ சமைச்ச அடுப்பு. உடைக்க மனசு வரலை. எங்க அடுப்ப ஒருத்தன் ஒதச்சிட்டான், அதனாலதாங்க."

சொன்ன பிறகுதான் அதை வெளி ஆள் ஒருவரிடம் நான் சொன்னது அதுவே முதல் தடவை என்று உறைத்தது. அவர் குந்தியிருந்து அந்தக் கற்களைப் பார்த்தார். பிறகு என் குசினியை நிமிர்ந்து பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு களிமண் சுவர்தான். "தெற்கையிருந்து வாற சோளகக் காத்துக்கு மறைவான பக்கம் இதுதான்" என்றார். "அந்தக் காலத்து ஆக்களும் அதைக் கண்டிருக்கினம், நீங்களும் கண்டிருக்கிறியள்."

போகும்போதுதான் விஷயத்துக்கு வந்தார். கானை வெட்டின மண்ணாலேயே மூடிவிட வேண்டும், இனி கிணறு, மலசலகூடம், தென்னங்குழி எதுவும் மேட்டில் தோண்டக் கூடாது. அதற்குமேல் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பிழையா நினைக்காதேங்கோ. நான் இதை அரசாங்கக் காணிக் கந்தோருக்கு அறிவிக்கத்தான் வேணும். ஆக்களை இஞ்சையிருந்து எழுப்பச் சொல்லி நான் கேட்கமாட்டன். ஆனால் அவை என்ன முடிவெடுப்பினம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. வேறை இடம் தருவினம்."

வேறு இடம். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கண்ணுக்கு முன்னால் சட்டி பானைகள் வரிசையாக வந்து நின்றன. "நாங்க போகமாட்டோங்க" என்றேன். அவரிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் சொன்னேன்.

அவர் போன பிறகு எனக்கு அந்த இரண்டாயிரம் வருடத்து ஆட்கள் மீதே கோபம் வந்தது. போகிறவர்கள் ஒரு சுவடும் இல்லாமல் போயிருக்கக் கூடாதா? இப்படி உடைந்தது எல்லாவற்றையும் விட்டுவிட்டா போவது? இரண்டு நாள் ஓட்டை மிதித்து மிதித்து நடந்தேன். மூன்றாம் நாள், உடைந்ததைத் தூக்கிக்கொண்டு போக யாருக்குத்தான் மனம் வரும், நானும்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்துச் சமாதானமானேன்.

கானை மூடுவதுதான் இவருக்கு உயிர் போகிற வேலை. மண்ணைத் தள்ளுவார், நின்று வானத்தைப் பார்ப்பார். அந்த மூன்று கற்களுக்கு மேலே மட்டும் கையாலேயே மண் போட்டார். வேலியில் நின்ற அக்கா, "வெட்டினதும் நீங்கள், மூடுறதும் நீங்கள், நல்ல உத்தியோகம்" என்றார். அவருக்குச் செய்தி தெரிந்திருந்தது. "உங்களை எழுப்பப் போகினமாமே" என்றபோது குரலில் முள் இல்லை.

மாரி வந்தது. அந்த வருட மாரி சும்மா வரவில்லை. பெய்து பெய்து குளம் நிரம்பி வான் பாய்ந்தது, வாய்க்கால் எது வயல் எது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோட்டின் மேல் தண்ணீர். ஒரு விடியற்காலை நாய் குரைக்கிறதே என்று வெளியே வந்தால், கீழ்க் குடியிருப்புச் சனம் தலையில் நெல் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக மேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆடுகளும் கோழிக் கூடுகளும் பின்னால். முன்னால் வந்த அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றபடி கேட்டார்.

"வரலாமோ பிள்ளை?"

வேலியோரம் நின்று நையாண்டி பண்ணியவர் அல்லவா, ஒரு வார்த்தை சொல்லிக் கடிக்கலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. "வாங்கக்கா, கோட்டை தொறந்துதான் இருக்கு" என்றேன். சேற்றில் நின்றுகொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

தறப்பாளும் படங்குச் சாக்கும் மழைக்குக் கூரையாகக் கட்டி மேடு முழுவதும் சனம். அடுப்பு வைக்க வேண்டும். காற்றுக்கு அணையாமல் இருக்க அக்கா குழியடுப்புத் தோண்ட அலவாங்கை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"தோண்டாதீங்கக்கா. மூணு கல்லு வச்சிக்குங்க."

"இந்த மழைக்குள்ளையும் உனக்கு உந்தக் கதையோ? இப்ப நீதான் எங்களுக்குத் துரை."

"துரைன்னே வச்சிக்குங்க. தோண்ட விடமாட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கல் பொறுக்கினார். மற்றவர்களும் பொறுக்கினார்கள். நானே ஒவ்வொரு குடும்பத்துக்கும் காற்று மறைவான இடம் காட்டினேன். சோறு பொங்கியது, பருப்பு வெந்தது, ஈர விறகின் புகை மேட்டை மூடியது. இவர் மட்டும் சாக்கைப் போர்த்துக்கொண்டு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார், எங்காவது மண் சரிகிறதா என்று. அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, ரெண்டாயிரம் வருசமாச் சரியாத மேடு, நீர் சாப்பிட வாரும்" என்றார். அதற்குப் பிறகுதான் இவர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவு சனத்துக்கு நடுவில், அவ்வளவு மழையில், எனக்கு மனம் நிறைந்திருந்தது. எத்தனை நாள் இந்த மேடு எங்களுக்கு என்பதும் கூடவே இருந்தது.

தண்ணீர் வடிந்து சனம் வீடுகளைக் கழுவத் தொடங்கிய நேரத்தில், காணிக் கந்தோரில் இருந்து ஒரு உத்தியோகத்தர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார். நான் எதிர்பார்த்த செய்தியோடுதான் வந்தார். மேடு பழங்காலத்து இடம் என்று அறிவித்தல் வந்திருக்கிறது, குளத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு காணித் துண்டு பார்த்து வைத்திருக்கிறார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குசினிப் பக்கம் திரும்பிச் சட்டி பானையைப் பார்த்தேன்.

தறப்பாளை மடித்துக்கொண்டிருந்த அக்காதான் பேசினார். "இவையை எழுப்பினால் அடுத்த மாரிக்கு எங்களை வா எண்டு ஆர் சொல்லுறது?"

"அதில்லை அம்மா, ஆக்கள் இருந்தால் தோண்டுவினம்" என்றார் உத்தியோகத்தர்.

"தோண்டுறதோ?" அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அடுப்புக்குக் குழி தோண்டவே இவள் விடேல்லை ஐயா. அலவாங்கைப் பறிச்சுப் போட்டாள். கொட்டுற மழைக்குள்ளை கல்லுப் பொறுக்கித்தான் சமைச்சனாங்கள். வேணுமெண்டால் பாருங்கோ."

அவர் பார்த்தார். மேடு முழுவதும் மூன்று மூன்றாகக் கற்கள், நடுவில் நனைந்த சாம்பல். ஓரிடத்திலும் ஒரு குழி இல்லை. சுற்றி வந்தார், கான் மூடிய தடத்தைப் பார்த்தார், புதையல் தோண்டுகிறவர்கள் வேறு மேடுகளை என்ன பாடு படுத்தினார்கள் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு உழவு இயந்திரத்தின் மட்காட்டில் கடதாசியை வைத்து விரித்தார். இங்கேயே இருக்க விடும்படி எழுதுகிறேன், ஆனால் ஆழமாகத் தோண்டக் கூடாது, மிளகாய், கச்சான் கடலை மாதிரிப் போடலாம், கிணறு மேட்டுக்குக் கீழேதான், சம்மதமா என்று கேட்டார். இவர் தலையை ஆட்டிய வேகத்தில் தொப்பி இருந்திருந்தால் விழுந்திருக்கும்.

எண்பத்தெட்டில் சண்டை கிளப்பும் வரையிலும் அந்த மேட்டில்தான் இருந்தோம், நன்றாகவே இருந்தோம். எங்கள் வளவில் தென்னை மட்டும் இல்லை. அந்தக் குறையை அக்காவின் தேங்காய்கள் தீர்த்தன. ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட ஞாபகம் நிற்பது அன்றைக்கு உத்தியோகத்தர் கடைசியாகக் கேட்ட கேள்விதான். பெயர் கேட்டு எழுதினார், பிள்ளைகளைக் கேட்டு எழுதினார். பிறகு நிமிராமலேயே கேட்டார்.

"சொந்த இடம்?"

இவர் வாயெடுத்தார். இருமல் வந்தது.

எனக்கு அன்று கோபம் வரவில்லை. குனிந்து, காலடியில் கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்தேன், உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இதுதாங்க. இந்த மேடுதான்."

உத்தியோகத்தர் பேனையை நிறுத்திவிட்டு, இது சரியா என்று கேட்பதுபோல அக்காவைப் பார்த்தார். அக்கா தறப்பாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஓம், இதுதான்."